விலங்கு கண்ணில் படாத உயிரியல் பூங்காவுக்கு டிக்கெட் எதற்கு?

வேளச்சேரி வாசகன்:

சென்ற விடுமுறையில் ஒரு பெருநகரத்து உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். எந்த நகரம் என்று எழுதவில்லை. என் சண்டை அந்த ஒரு பூங்காவோடு அல்ல, இன்றைக்குப் பூங்காக்களை அமைக்கிற முறையோடு.

வெயில் உச்சந்தலையில் இறங்கும் நேரம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பேட்டரி வண்டிக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு நடந்தே போனோம். புலி அடைப்புக்கு முன்னால் பெருங்கூட்டம். இந்தப் பக்கம் சுவர், அதற்கப்பால் அகழி, அகழிக்கும் அப்பால் புதர். "அதோ, அந்த மஞ்சள்தான்" என்று ஒருவர் கைகாட்டினார். இன்னொருவர் வேறு பக்கம் காட்டினார். இருவரும் காட்டியது காய்ந்த மூங்கில் சருகைத்தான். சிறுத்தை என்று எழுதியிருந்த இடத்தில் மரப்பலகையின் விளிம்பில் வாலின் நுனி மட்டும் தொங்கியது. கரடி தென்படவே இல்லை. "அப்பா, இங்கே படம் மட்டும்தான் வைத்திருக்கிறார்களா?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வண்டலூரில் பெரியவர்களுக்கான கட்டணம் 2023இல் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயானது. மற்ற ஊர்களிலும் கட்டணம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டட வேலைக்குப் போகிறவர் மனைவி மக்களோடு வருகிறார் என்றால், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாள் கூலி போய்விடும். அவர் வருவது புலியைப் பார்க்க. புதரைப் பார்க்க அல்ல.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அடைப்பிலும் பார்வையாளர் கண்ணுக்கு ஒரு விலங்காவது நிச்சயம் படவேண்டும். ஒன்று ஓய்வெடுக்கும்போது இன்னொன்றை முன்பக்கம் விடலாம். பார்வையை மறைக்கும் புதரை வெட்டலாம், ஒளிந்துகொள்ளும் இடங்களைக் குறைக்கலாம். இன்று எந்த விலங்குகள் வெளியே விடப்பட்டிருக்கின்றன என்று வாசலிலேயே உண்மையாக எழுதி வைக்கலாம். கண்ணால் காணாத உயிரின்மேல் எந்தக் குழந்தைக்கு அன்பு வரும்?

சோலைமந்தி:

நண்பரே, அம்மாவை நடுப்பகலில் நடக்க வைக்க நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் உங்கள் கோரிக்கைகளில் பாதி விலங்குகளுக்குச் செய்யும் கொடுமை.

சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். புலியும் சிறுத்தையும் விடியலிலும் அந்தியிலும்தான் நடமாடும். கரடி வெயில் நேரத்தில் குகைக்குள் இருக்கும். காட்டிலும் அப்படித்தான், பூங்காவிலும் அப்படித்தான். நீங்கள் பார்த்த வால் நுனி ஏமாற்று வேலை இல்லை. ஒரு சிறுத்தை தன் இயல்புப்படி நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒளிந்துகொள்ளும் இடத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களே, எதனிடமிருந்து ஒளிகிறது என்று யோசித்தீர்களா? பறவைகள் பகுதியில் தன்னார்வலராகச் சில காலம் நின்றிருக்கிறேன். ஒருவர் குடைக்கம்பியால் வலையைத் தட்டுவார். அடுத்தவர் விசிலடிப்பார். அப்பா நிலக்கடலையை வீசுவார், பிள்ளை கல்லை வீசும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி, பூங்கா விலங்கைச் சீண்டுவது, அதற்குத் தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது எல்லாமே குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. அதை எழுதி வைத்த பலகைக்குக் கீழே நின்றுகொண்டேதான் கடலை வீசுகிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் அந்த உயிருக்கு இருக்கும் ஒரே காவல் அந்தப் புதர். அதையும் வெட்டச் சொல்கிறீர்கள்.

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போங்கள். இல்லையென்றால் பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு பெருவிலங்குகளின் பக்கம் இருங்கள். புலிக்கும் சிங்கத்துக்கும் சாயங்காலம் உள்கூண்டில்தான் இறைச்சி வைப்பார்கள். அந்த நேரம் நெருங்க நெருங்க அவை எழுந்து கதவுப் பக்கமாக வந்து உலாவும். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் புலியை எழுப்பச் சொல்வது நியாயமில்லை.

வேளச்சேரி வாசகன்:

ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டும் என்றால் திருவள்ளூரிலிருந்தோ செய்யாறிலிருந்தோ வருகிற குடும்பம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களின் யோசனை இது. நீங்கள் சொன்ன சாயங்கால விவரம் எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? உள்ளே வேலை பார்த்த உங்களுக்குத் தெரிகிறது. பணம் கொடுத்து வந்தவனுக்குத் தெரியவில்லை. என் குறையே அதுதான்.

கல்லெறிகிறவனைப் பிடித்துக்கொடுங்கள், நானும் கூட வருகிறேன். அவன் செய்த தப்புக்கு என் பிள்ளை ஏன் புலியைப் பார்க்காமல் திரும்ப வேண்டும்?

பழைய மூர்மார்க்கெட்:

எழுபதைத் தாண்டியவன் நான். வேளச்சேரித் தம்பி கேட்கிற பூங்கா முன்பு இருந்தது. அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னை உயிரியல் பூங்காவின் தொடக்கம் 1855. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், ஆற்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கி, அருங்காட்சியக வளாகத்திலேயே மக்கள் பார்வைக்கு வைத்தார். 1863இல் அது சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மக்கள் பூங்காவுக்கு மாறியது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் இருந்தது. ரயிலில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் மூர்மார்க்கெட் கடைகள், பிறகு உயிர்க்காலேஜ் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவார்கள். செத்த காலேஜ் என்றால் அருங்காட்சியகம், உயிர்க்காலேஜ் என்றால் இது.

அங்கே எல்லாம் கண்ணில் படும். அக்காலத்தில் உலகம் முழுக்க எப்படியோ அப்படித்தான் அங்கும், கம்பிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சிங்கம். மூச்சுச் சத்தம் கேட்கும், மூத்திர நெடி மூக்கில் ஏறும். அந்தச் சிங்கம் படுத்து நான் பார்த்த நினைவே இல்லை. கூண்டின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நடக்கும், தலையை ஒரே மாதிரி வெட்டித் திருப்பும், திரும்ப நடக்கும். தலை திரும்புகிற இடத்தில் கம்பி பளபளவென்று தேய்ந்திருந்தது, பிடரி மயிர் உரசி உரசி. "சிங்கம் எவ்வளவு சுறுசுறுப்பு பார்" என்று நாங்கள் கைதட்டினோம். அடைபட்ட விலங்கு மனம் பிறழ்ந்தால்தான் அப்படி ஒரே தடத்தில் நடக்கும் என்பது பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

1985 மே மாதக் கடைசியில் மூர்மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு ஜூலை 24ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூர்ப் பூங்காவைத் திறந்து வைத்தார், உயிர்க்காலேஜ் அங்கே போனது. மீட்பு மையத்தையும் சேர்த்து 602 ஹெக்டேர். தம்பி, அந்த அகழியும் தூரமும் வேண்டுமென்றே போட்டவை. கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டும் முறையை 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் பெரிய அளவில் செய்து காட்டினார். கம்பி போக வேண்டும் என்றால் தூரம் வந்துதான் தீரும்.

வேளச்சேரி வாசகன்:

ஐயா, கம்பிக்கூண்டைத் திரும்பக் கொண்டுவர நான் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன சிங்கத்தைப் படிக்கும்போதே மனம் கனக்கிறது. ஆனால் கூண்டு ஒரு கோடி, புதர் இன்னொரு கோடி, நடுவில் வழியே கிடையாதா?

மைசூரைப் பாருங்கள். 1892இல் தொடங்கியது, நகரத்துக்கு நடுவில் நூற்றைம்பது ஏக்கர் சொச்சம்தான். வண்டலூரின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. மரநிழலில் ஒரே வழியாக நடந்தால் ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், கொரில்லா என்று வரிசையாகக் கண்ணில் படுகின்றன. மைசூர் போய்விட்டு வந்தவர் யாரும் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்லிக் கேட்டதில்லை. இடம் பெரிதானால் விலங்குக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே பார்வையாளரை மறந்துவிட்டோம்.

மண்டாய் வாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே மண்டாயில் இருக்கும் உயிரியல் பூங்கா 1973இல் திறந்தது. பரப்பு 28 ஹெக்டேர்தான். கம்பி அநேகமாகக் கிடையாது. அகழியைச் செடிகொடிகளால் மறைத்திருப்பார்கள். குரங்கு நம் பக்கத்து மரத்தில் இருப்பதுபோலவே தோன்றும். நிழலையும் குளிர்ந்த இடத்தையும் பார்வையாளர் நிற்கும் பக்கத்திலேயே அமைத்தால் விலங்கு தானாக அங்கே வந்து படுக்கும். வேளச்சேரி நண்பர் கேட்பது செய்ய முடியாத காரியம் அல்ல.

அதேபோல் உணவு நேரங்களை அறிவித்துவிடுகிறார்கள். பராமரிப்பாளரே வந்து நின்று பேசுவார். இந்த விலங்கின் வயது என்ன, எதைக் கண்டால் பயப்படும், நேற்று ஏன் சாப்பிடவில்லை என்றெல்லாம் சொல்வார். கால் மணி நேரம் அதைக் கேட்டவன் கல்லெடுக்க மாட்டான்.

சோலைமந்திக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரவில் விழித்திருக்கும் விலங்குகளைப் பகலில் எழுப்புவதற்குப் பதிலாக, 1994இல் பக்கத்திலேயே இரவுப் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். இருட்டிய பிறகு நிலவொளி போன்ற மங்கிய வெளிச்சத்தில் மனிதர்கள் போய்ப் பார்க்கிறார்கள். விலங்கு தன் நேரத்தை மாற்றவில்லை, நாம் மாற்றிக்கொண்டோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பார்வையாளர் விருப்பத்தை மட்டும் கேட்டால் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். 1990இல் இங்கேயே பிறந்த இனுக்கா என்ற பனிக்கரடிமீது ஊரே உயிரை வைத்திருந்தது. 2018இல் அது இறந்தபோது மக்கள் பூங்கொத்து வைத்துக் கும்பிட்டார்கள். அதற்கு முன்பே, இனி வெப்பநாட்டில் பனிக்கரடி வளர்ப்பதில்லை என்று பூங்கா முடிவு செய்திருந்தது. கூட்டம் சேர்க்கும் விலங்கு என்று தெரிந்தும் எடுத்த முடிவு அது.

கதவைத் திற:

நீங்கள் எல்லோரும் சிறைச்சாலையில் ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சிறை வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குழந்தைகள் ஓடிப்போய்ப் பார்க்கும் வெள்ளைப் புலி தனி இனமே அல்ல. பெரும்பாலும், 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண்குட்டியிலிருந்து தொடங்கி, அப்பனையும் மகளையும் சேர்த்து, நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து உண்டாக்கிய பரம்பரை. ஒன்றரைக் கண்ணும் வளைந்த முதுகுமாக அவற்றில் பல பிறப்பது அதனால்தான். நிறத்துக்காக மக்கள் கூடினார்கள், கூட்டத்துக்காகப் பூங்காக்கள் இதைச் செய்தன.

2014இல் டெல்லிப் பூங்காவில் ஓர் இளைஞர் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்தார். மேலே நின்றவர்கள் கூச்சலிட்டார்கள், கல் எறிந்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். அவர் உயிர் போனது. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி, நீலா என்ற பெண் சிங்கமும் பிறகு ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. காட்டில் இருந்திருந்தால் அவற்றுக்கு மனிதரின் நோய் வந்திருக்குமா? புலியைப் பார்க்க ஆசையா? முதுமலைக்குப் போங்கள். பார்க்கக் கிடைக்காவிட்டால் கிடைக்காமலே போகட்டும்.

சோலைமந்தி:

வெள்ளைப் புலியைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதை ஓர் இனமாகக் காட்டுவதை என்றோ நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் கதவைத் திறந்தால் அவை எங்கே போகும்? கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்ற தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சர்க்கஸ் கூண்டுகளிலிருந்து வந்த சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் நாட்டில் சில இடங்களில் மீட்பு மையங்கள் அமைத்தார்கள். வண்டலூர் அதில் ஒன்று. வண்டியிலேயே பிறந்து வண்டியிலேயே வளர்ந்த சிங்கத்தைக் குஜராத்தின் கிர் காட்டில் விட்டால் அது ஒரு வாரம் தாங்காது. கிணற்றில் விழுந்து கால் ஒடிந்த சிறுத்தையையும் தாயை இழந்த கரடிக்குட்டியையும் எடுத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

என் பெயரிலுள்ள குரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் சோலைமந்தி கிடையாது. காட்டில் மிஞ்சியிருப்பவை சில ஆயிரங்களே. சாலையும் தேயிலைத் தோட்டமும் சோலைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிட்ட பிறகு, திட்டமிட்டு இனப்பெருக்கம் செய்யும் பூங்காக்கள் அதற்கு ஒரு காப்பு. மேலும், வண்டலூர்ச் சிங்கங்களுக்கு நோய் வந்தபோது பொதுமுடக்கத்தால் பூங்கா மூடிக் கிடந்தது. பார்வையாளர் வந்ததால் வந்த நோய் அல்ல அது.

கதவைத் திற:

மீட்பு மையம் வையுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு டிக்கெட் எதற்கு? அடிபட்டவனைப் படுக்க வைத்துக் காசு வாங்கிக் காட்டும் மருத்துவமனை எங்காவது உண்டா? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், சில நேரம் சட்டமே சரியான திசையில் போகிறது. பூங்காக்களில் இருக்கும் யானைகளை முகாம்களுக்கு மாற்றும்படி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009இல் உத்தரவிட்டது. யானைக்குப் போதாத இடம் புலிக்கு மட்டும் எப்படிப் போதும்?

கணக்கு டீச்சர்:

அரசுப் பள்ளியில் வேலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துப் போகிற பொறுப்பு அநேகமாக என் தலையில்தான் விழும். முதலில் கதவைத் திறக்கச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை: முதுமலைக்குப் போகச் சொல்கிறீர்களே, என் வகுப்பில் ரயிலில் ஏறியிராத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நானும் தொடக்கத்தில் எல்லா அடைப்பையும் காட்டிவிட வேண்டும் என்று ஓட ஓட விரட்டுவேன். பிறகு முறையை மாற்றினேன். இப்போது நாலைந்து இடம்தான், ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம். நீர்யானைக் குளத்தில் நிற்கிறோம். முதலில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. "எண்ணிக்கொண்டே இருங்கள்" என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எண்ணுவார்கள். இருநூறைத் தாண்டும்போது தண்ணீர் லேசாகப் புடைக்கும். இரண்டு மூக்குத்துளைகள் மேலே வந்து 'புஸ்' என்று திறக்கும். பிறகு கண், பிறகு காது. அந்தச் சின்னக் காது சுழன்று தண்ணீரை உதறும். மூச்சை இழுத்ததும் மூக்குத்துளை தானே மூடிக்கொள்ளும், திரும்பவும் உள்ளே போய்விடும். ஒரு மூச்சுக்கு எத்தனை விநாடி என்று பிள்ளைகள் நோட்டில் எழுதி, சராசரி போட்டுக் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது மொத்தமே கையகல மூக்கும் இரண்டு காதும்தான். ஊருக்குப் போய்ச் சேரும்வரை அதைப் பற்றித்தான் பேச்சு.

ஆகவே வேளச்சேரி நண்பரே, முழு விலங்கும் முன்னால் வந்து நின்றால்தான் பிள்ளைக்கு அன்பு வரும் என்பதை நான் ஏற்கவில்லை.

சோலைமந்தியின் பேச்சும் எனக்கு உறுத்துகிறது. பார்வையாளர் என்றாலே கல்லெறிகிறவர் என்று எழுதுகிறீர்கள். பிள்ளைகள் ஏன் கத்துகிறார்கள்? என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பலகையில் என்ன இருக்கிறது? பெயர், அறிவியல் பெயர், எங்கே வாழும், எத்தனை மாதம் சூல். சோலைமந்தியின் கன்னத்தில் தீனியை ஒதுக்கும் பை இருக்கிறது, அது எப்போது உப்புகிறது என்று பாருங்கள் என ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். கத்துகிற பிள்ளை வாயை மூடிக்கொண்டு பார்க்கும். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய மூர்மார்க்கெட்:

டீச்சர் சொல்வது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் அம்மா. காணும் பொங்கல் அன்று யார் வந்து எண்ணச் சொல்வார்கள்? ஒரே நாளில் பல பத்தாயிரம் பேர். தொலைந்துபோகாமல் இருக்கச் சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பரை எழுதிக் கட்டிவிடுகிறார்கள். கட்டுச்சோற்றை அவிழ்த்தால் மரத்திலிருந்து குரங்கு இறங்கிப் பையோடு கொண்டுபோய்விடும். அந்தக் கூட்டம் விலங்குக்காக மட்டும் வருவதில்லை. சொந்தபந்தத்தோடு மரத்தடியில் உட்கார வருகிறது. அதையும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். இந்தப் பட்டணத்தில் காசில்லாதவன் குடும்பத்தோடு உட்கார நிழல் வேறெங்கே இருக்கிறது?

நிழல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் வண்டலூரில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. பல வாரங்கள் பூங்காவைத் திறக்க முடியவில்லை. ஒரு வேப்பமரம் நிழல் தர எத்தனை வருடம் ஆகும்! வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்பாவின் மகள்:

என் அப்பாவுக்குப் பக்கவாதம், சக்கர நாற்காலி. நீங்கள் எல்லோரும் புலியைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு முதல் கேள்வி தூரம்.

அறுநூறு ஹெக்டேர் என்பது விலங்குக்கு வரம், என் அப்பாவுக்குச் சுவர். பேட்டரி வண்டியில் ஏற்றிவிட்டால் அது சொன்ன இடத்தில்தான் நிற்கும். சரிவான மண்பாதையில் நாற்காலியைத் தள்ள முடியாது. அடைப்புச் சுவர் நெஞ்சளவு உயரத்தில் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவது சிமெண்ட் மட்டும். இது எந்த ஒரு பூங்காவையும் குறித்த புகார் அல்ல, பல ஊரில் பார்த்தது. நின்று பார்க்கிறவரின் உயரத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே சுவர்தான்.

அப்புறம் கழிப்பறை. பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு தூரம் நடப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

சோலைமந்தி:

சகோதரி, சுவரின் உயரத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சில இடங்களில் மட்டும் சுவரைத் தாழ்த்திக் கனமான கண்ணாடி பதிக்கலாம். அகழி அப்படியே இருக்கும், விலங்குக்கு இடைஞ்சல் இல்லை.

டீச்சர், கண்டிப்பை ஏற்கிறேன், முழுவதுமாக இல்லை. சொல்லிக்கொடுத்தால் பலர் கேட்பார்கள். கேட்காத ஒருவன் போதும், ஒரு மானின் வயிற்றில் பிளாஸ்டிக் பை போவதற்கு. அவனுக்குப் பலகை போதாது, அபராதம்தான் மருந்து.

வேளச்சேரி வாசகன்:

இவ்வளவு பேச்சையும் படித்த பிறகு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். வனத்துறைக்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கும் அனுப்பலாம். விலங்குகள் எழுந்து நடமாடும் நேரத்தையும் உணவு நேரத்தையும் வாசலில் பலகையாக வைக்க வேண்டும். பராமரிப்பாளர்களுக்குத் தனியாக ஊதியம் கொடுத்து, விடுமுறை நாட்களில் முக்கிய அடைப்புகளில் பேச வைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கும் குழந்தைக்கும் தெரியும்படி பார்க்குமிடங்களை அமைக்க வேண்டும். நான்காவதாக, ஒவ்வொரு பெரிய விலங்கும் ஓய்வெடுக்கும் இடங்களில் ஒன்றாவது பார்வையாளர் பார்வையில் இருக்க வேண்டும்.

சோலைமந்தி:

முதல் மூன்றுக்கும் என் கையெழுத்து உண்டு. நான்காவதை எடுத்துவிடுங்கள். ஓய்வெடுக்கும் இடம் என்பதன் பொருளே யாரும் பார்க்காத இடம்தான். கண்ணாடி வைத்தால் கண்ணாடியைத் தட்டுவார்கள்.

வேளச்சேரி வாசகன்:

எடுக்க மாட்டேன். எல்லா இடத்தையும் திறந்து போடச் சொல்லவில்லை, பலவற்றில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். மண்டாயில் நிழலை முன்பக்கம் வைத்தால் விலங்கு தானாக வந்து படுக்கிறது என்கிறார் நம் நண்பர். அது தானாக வருகிறது என்றால் அதில் கொடுமை எங்கே இருக்கிறது? பிடிக்காவிட்டால் பின்பக்க நிழலுக்குப் போகட்டும், அதையும் நான் வெட்டச் சொல்லவில்லை. ஒரு நாள் கூலியைக் கொடுத்து வருகிறவருக்கு நான் கேட்கும் நியாயம் இவ்வளவுதான்.

கதவைத் திற:

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நிறத்துக்காக வெள்ளைப் புலிக்கு இனி இனப்பெருக்கம் கூடாது. சேர்த்தால், பூங்காவே வேண்டாம் என்கிற நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வேளச்சேரி வாசகன்:

சேர்த்தாயிற்று.

அப்பாவின் மகள்:

கழிப்பறை எங்கே போயிற்று? நிழலில் இருக்கை எங்கே? இரண்டையும் நான்காவதற்கு முன்னால் போடுங்கள். புலி எங்கே தூங்கலாம் என்று நீங்கள் இருவரும் நிதானமாகச் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள். இவை இரண்டையும் அடுத்த விடுமுறைக்குள் செய்துவிட முடியும்.